மூன்று குடம் கடல் தண்ணீர்

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அப்பாசாமி தன் சிவப்புக் காரைக் கருங்குழியில் மச்சான் மோகனுடைய ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி, அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, பொட்டுப் பொட்டாகத் தொட்டுவிட்டுப் பாலிஷ் போட்டால் போதும், மண்டபத்து வாசலில் வண்டி பளபளவென்று நிற்கவேண்டும் என்று சொன்னார். அதன்பிறகுதான் இறங்கிச் சாவியைக் கொடுத்தார்.

அது அவர் மகள் துர்காதேவிக்குச் சீராகப் போகிற வண்டி. மாப்பிள்ளை மறைமலைநகரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர்கள் கேட்டது பைக். நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் எதிரில் அப்பாசாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பைக் என்ன பைக், நான் ஓட்டுகிற காரையே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

மோகனுக்கு இதில் சொந்த வேலையும் ஒன்று இருந்தது. துர்காவுக்கு அவன் ஒருவன்தான் தாய்மாமன். நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவருவது அவன் பங்கு. அதற்காகவே காஞ்சிபுரம் போய்ப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தான். பட்டு அவன் உடம்பில் படப்போவது அதுதான் முதல் தடவை. அவனும் அக்கா சாரதாம்பாளும் செங்கல் சூளையில் வளர்ந்தவர்கள். பதினைந்து வயதுவரை தலையில் கல் சுமந்து, பிறகு செங்கல்பட்டில் லாரி பாடி கட்டுகிற இடத்தில் தகடு தேய்க்கப் போய், அங்கேயே பெயிண்ட் கற்றுக்கொண்டவன். அக்காவைக் கட்டியபோது அப்பாசாமிக்கும் ஒரு ஜோடி மாடும் கொஞ்சம் நிலமும்தான். பிறகு மதுராந்தகத்தில் நெல் தரகு கைகொடுத்தது. கல்பாக்கத்து இன்ஜினீயர் ஒருவரிடமிருந்து இந்தக் காரைப் பழசாக வாங்கினார். கார் வந்த நாளிலிருந்து விசேஷங்களில் மோகனை அவர் யாருக்காவது காட்டும்போது 'நம்ம பெயிண்டுக்காரன்' என்றுதான் சொல்வார். மோகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மணவறையில் அப்படிக் கூப்பிட முடியாதே என்று மட்டும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது.

வண்டியைக் கழுவித் துடைத்தான். கல்லடி பட்டு உதிர்ந்த இடங்களில் நகப்பாலிஷ் தடவியிருந்தது. துர்காவின் வேலை. அவள் கட்டைவிரலில் அதே சிவப்பைப் பார்த்த ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு பொட்டாகத் துடைத்து எடுத்தான். கதவின் அடியோரம் ஒரு பொட்டைத் துடைக்கும்போது பொட்டோடு சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்டும் வந்தது.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். நல்ல தகடு தட்டினால் கணீரென்று பேசும். இது நனைந்த அட்டை மாதிரிப் பொத்தென்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். உள்ளே போய்விட்டது. நான்கு கதவுக்கும் அடியோரம் அப்படித்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பட்டையும் அப்படித்தான். பழுப்பாகத் தூள் கொட்டியது. தூளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது. மோகன் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் படாளம் கூட்ரோட்டில் ஒரு லாரி இந்தக் காரை உரசிக்கொண்டு போனது. அப்பாசாமிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாரதாம்பாள் அன்றைக்கே வேண்டிக்கொண்டாள். வருஷா வருஷம் மாசி மகத்தன்று காரை மாமல்லபுரத்துக்கு ஓட்டிப்போய் மூன்று குடம் கடல் தண்ணீர் ஊற்றித் திருஷ்டி கழிப்பதாக. சொன்னபடி செய்தாள். கூட்டத்துக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் போய்த் தானே மொண்டு வருவாள். ஒரு குடம் கூரைமேல், ஒரு குடம் முகப்பில். மூன்றாவது குடத்துக்குக் கதவுகளைத் திறந்துவைத்து ஓரங்களில் ஊற்றுவாள், திருஷ்டி உள்ளே தங்கிவிடக்கூடாது என்று. அதன்பிறகு மூன்று நாளைக்கு நல்ல தண்ணீர் படக்கூடாது. இது அவளாகவே வைத்துக்கொண்ட விதி.

இரண்டாவது வருஷம் மோகனும் கூடப் போயிருந்தான். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி அதையெல்லாம் பார்த்தான். திறந்த கதவில் இறங்குகிற உப்புத் தண்ணீர் தகட்டைத் தின்னும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அக்கா திரும்பிப் பார்த்த முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்த பிறகு துருவைப் பற்றிப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் அப்பாசாமியும் சாரதாம்பாளும் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஷெட்டுக்கு வந்தார்கள். அதற்குள் மோகன் துருப்பிடித்த இடத்தையெல்லாம் சுரண்டித் திறந்துவிட்டிருந்தான். காரின் அடிப்பாகம் எலி கடித்த மூட்டை மாதிரி இருந்தது.

"இன்னா மச்சான், பொட்டு வெக்கச் சொன்னா தலையவே வெட்டி வெச்சிகினு கீற?" என்றார் அப்பாசாமி.

மோகன் நிதானமாகச் சொன்னான். இதன்மேல் பட்டிப் பசை பூசி மூடிக் கலர் அடிக்கலாம். கல்யாணத்தன்று கண்ணாடி மாதிரி நிற்கும். கார்த்திகை மழைக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கையால் தொட்டாலே கொட்டும். அப்போது வண்டி நிற்கப்போவது துர்காவின் மாமியார் வாசலில்.

அப்பாசாமி அதற்கு அசரவில்லை. "மூணு மாசம் நின்னா போதும்பா. அதுக்கப்பறம் அது அவங்க வண்டி."

"வண்டி அவங்களுது மாமா. பேச்சு வாங்கப் போறது நம்ம பொண்ணு."

அப்பாசாமி குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எப்படி வந்தது இவ்வளவு துரு என்று கேட்டார். சாரதாம்பாள் கையிலிருந்த பத்திரிகைக் கட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றது. மோகன் அவளைப் பார்க்கவில்லை.

"கல்பாக்கத்துல நின்ன வண்டிதான. கடல் காத்து" என்றான்.

வண்டியை விற்ற இன்ஜினீயரை அப்பாசாமி வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த மனிதர் எட்டு வருஷம் காருக்கு உறை போட்டு மூடிவைத்தவர். மாற்றலாகிப் போகும்போது சர்வீஸ் ரசீதையெல்லாம் அடுக்கிக் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பியவர். அவருக்கு இந்த வசவு கேட்கப்போவதில்லை என்று மோகன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

போகும்போது அப்பாசாமி குரலை உயர்த்தாமல் சொன்னார். "வண்டி மண்டபத்துக்குச் செவப்பா வரணும். இல்லாங்காட்டி மணவறைப் பக்கம் நீ வராத. இவ சித்தப்பா மவன் நரசிம்மன் கீறான். அவனும் மாமன் மொறதான்."

பக்கத்து ஷெட்டில் டிங்கர் வேலை செய்கிற கண்ணாயிரம் தன் வேலையை ஒதுக்கிவைத்து இரண்டு நாள் கூட நின்றான். மட்கிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். ஊரே மூடிக் காசு பார்க்கிறது, அண்ணாத்த மட்டும் திறந்து சண்டை வாங்குகிறார் என்று கிண்டல் செய்துகொண்டே செய்தான்.

மோகனும் மூடாதவன் இல்லை. தரகர்கள் கொண்டுவருகிற வண்டிகளில் எத்தனையோ ஓட்டைகளைப் பட்டியால் அடைத்திருக்கிறான். செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மேலே பட்டி பூசியதும் உண்டு. அந்த வண்டிகள் யார் வாசலில் போய் நின்றன, யார் யாரைத் திட்டினார்கள் என்று அவன் யோசித்ததே கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிறவன் அதையெல்லாம் யோசித்தால் கடை நடக்காது. இந்த முறை வாசல் எது என்று தெரிந்துவிட்டது. அங்கே நிற்கப்போகிறவளின் கட்டைவிரல் நகம் என்ன நிறம் என்றும் தெரியும்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மாலையில் இடி இடித்துத் தூறியது. ஆவணியில் அது வழக்கம்தான். காற்றில் ஈரம் ஏறிப் பட்டி காயவில்லை. காய்ந்த மட்டும் தேய்த்து, கலருக்கு அடியில் போகிற சாம்பல் நிற பிரைமர் அடித்தான். அதுவும் இறுகவில்லை.

ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வண்டி மண்டபத்தில் இருக்கவேண்டும். காலையில் கலர் கலந்தான். டப்பாவில் இருக்கிற சிவப்பை அப்படியே தொட்டால் பழைய வண்டியில் ரத்தக் காயம் மாதிரித் தெரியும். வெயிலில் வெளுத்த சிவப்பு வேறு. அதற்குக் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி பழுப்பு சேர்த்து, மூடியில் தடவிக் காரோடு ஒட்டிவைத்து வெயிலில் பார்க்கவேண்டும். ஏழு தடவை பார்த்தான். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் மேலே உதிர்ந்திருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். காய்ந்ததும் அவை இருந்த இடம் அவனுக்கே தெரியவில்லை.

மிச்சம் அடிப்பாகம். ஸ்ப்ரே கன்னில் கலரை ஊற்றி கம்ப்ரசரைப் போட்டான். அடிப்பதற்கு முன்னால் பிரைமரில் நகத்தை வைத்து அழுத்தினான். நகம் பதிந்தது. இதன்மேல் கலர் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு மாதம் ஜொலிக்கும். பிறகு பழைய தகட்டைத் தின்றதைவிட வேகமாகத் துரு புதுத் தகட்டைத் தின்னும். பட்டு வேட்டி வீட்டில் அட்டைப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாயிரம் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மோகன் கம்ப்ரசரை அணைத்தான். கன்னில் இருந்த கலரைத் திரும்ப டப்பாவில் ஊற்றி, மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கினான். சாம்பல் நிற பிரைமரின் மேல் விளிம்பு கோணலாக இல்லாதபடி டேப் ஒட்டி நேர்க்கோடாக எடுத்துவிட்டான். அவனால் செய்ய முடிந்த அலங்காரம் அவ்வளவுதான்.

மண்டபத்தில் அப்பாசாமி வண்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பூக்காரனைக் கூப்பிட்டு, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மறுபக்கம் அடிவரை சம்பங்கிச் சரமாகத் தொங்கவிடச் சொன்னார்.

மறுநாள் காலையில் நரசிம்மன் பட்டம் கட்டினான். மாலை போட்டுத் துர்காவின் கையைப் பிடித்து அழைத்துவந்தான். மோகன் பட்டு வேட்டியோடு கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்று பார்த்தான். துர்கா நடந்துவரும்போது தலையைத் தூக்கிக் கூட்டத்தில் எதையோ தேடினாள். சாரதாம்பாள் மணவறையிலிருந்து ஒருமுறை அவன் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தாலி ஏறியதும் மோகன் வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றான்.

சற்று நேரத்தில் சம்பந்தி திருநாவுக்கரசு வெற்றிலை போட வெளியே வந்தார். இரண்டு லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். வண்டி என்றால் சுற்றிப் பார்க்காமல் இருக்கமாட்டார். துண்டால் பூச்சரத்தை ஒதுக்கினார். முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து, சாம்பல் பட்டையை விரலால் நீள நெடுகத் தடவினார். அப்பாசாமி உள்ளேயிருந்து ஓட்டமாக வந்தார்.

"யாரு இத தொறந்தது?" என்றார் திருநாவுக்கரசு.

"நான்தாங்க" என்றான் மோகன். "துரு இருந்துச்சி. வெட்டிட்டுப் புதுத் தகடு வெச்சிருக்குது. காயல, அதான் கலர் அடிக்கல. மழைக்கு முன்னாடி அடிக்கணும். இந்த பிரைமரு தண்ணி குடிக்கும்."

திருநாவுக்கரசு வெற்றிலையைக் குதப்பியபடி எழுந்தார். "எங்க வீட்டுக்கு வர்ற வண்டில எல்லாரும் ஓட்டைய மூடி வெச்சித்தான் குடுப்பாங்க" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று மோகனுக்குப் பிடிபடவில்லை.

அப்பாசாமி முந்திக்கொண்டார். அடுத்த வாரமே மெட்ராஸில் பெரிய கம்பெனியில் விட்டு முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். இவன் வேலை இதோடு சரி என்றும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் வண்டி விஷயம் துர்காவின் காதுக்கும் எட்டியிருந்தது. காரில் ஏறும்போது கதவைப் பிடித்தபடி மோகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "தண்ணியே படக்கூடாதா மாமா?"

"கலர் அடிக்கற வரைக்கும் படக்கூடாதும்மா."

புரட்டாசி போயிற்று. ஆயுத பூஜைக்கு மோகன் கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்தான். மெட்ராஸ் கம்பெனிப் பேச்சு பேச்சாகவே நின்றது என்று காதில் விழுந்தது. அவனைக் கலர் அடிக்கக் கூப்பிடவும் யாரும் இல்லை. ஏரிப் பக்கம் மேகம் கருக்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான். திறக்காமலே இருந்திருந்தால் கார்த்திகைவரை தாங்கியிருக்கும். திறந்து, பாதியில் விட்ட வண்டி முதல் மழைக்கே போய்விடும். அப்படியானால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்தவன் நான்தானே என்று ஒரு நாள் கண்ணாயிரத்திடம் சொன்னான். கண்ணாயிரம் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் சாரதாம்பாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் தலைத் தீபாவளிச் சீர்க்கூடை. தனியாக அவள் ஷெட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஊத்தனதுதான தம்பி?" என்றாள்.

மோகன் கையிலிருந்த துணியை மடித்தான். "நானும் சுண்டல் துன்னுகினு பாத்துகினுதானக்கா இருந்தேன்."

"எனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிது. வாயத் தொறக்காம இருந்துட்டேன். நீ உன் மொறைய வுட்டுட்டு ஓரமா நின்ன." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நேற்று இரவு அப்பாசாமியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. சாப்பிடவும் இல்லை. காலையில் கூடையைத் தானே எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, போகிற வழியில் உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொல்லிவிட்டு நெல் மண்டிக்குப் போய்விட்டார்.

மோகன் கலர் டப்பாவை எடுத்துக் குலுக்கினான். இன்னும் கட்டியாகவில்லை. டப்பா, தின்னர், தேய்க்கிற தாள், சின்ன பிரஷ், டேப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டான். கன்னும் கம்ப்ரசரும் பஸ்ஸில் வராது. மெல்லிய பூச்சாக நாலு முறை பிரஷ்ஷால் இழுத்துத் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். பெண் வீட்டுச் சீரோடு பெயிண்ட் டப்பா, துர்கா வாழப்போன சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பஸ் ஏறியது.

திருநாவுக்கரசு வீட்டில் கார் லாரிக் கொட்டகையின் ஓரத்தில் நின்றது. மேலே தார்ப்பாய். வண்டிமேல் படாமல் நாலு கம்பு நட்டு உயர்த்திக் கட்டியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் செங்கல் பரப்பி மேடாக்கியிருந்தது. துர்காவின் ஏற்பாடு. இரண்டு மாதமாக வண்டியை ஈரத்துணியால்கூடத் துடைக்கவில்லை என்றாள். மாமியார் கேட்டதற்கு, மாமா சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னாளாம்.

திருநாவுக்கரசு திண்டில் சாய்ந்தபடி குரல் கொடுத்தார். "இன்னாப்பா, மெட்ராஸ் கம்பெனி இன்னிக்குத்தான் வருதா?"

"பஸ்ஸு லேட்டுங்க" என்றான் மோகன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்துவந்து, தார்ப்பாயின் ஒரு மூலையைத் தானே அவிழ்த்து வெளிச்சம் விழும்படி தூக்கிக் கட்டினார். கலரை வெயிலில்தானே பார்க்கவேண்டும் என்றார்.

மோகன் மண்டியிட்டு உட்கார்ந்து பிரைமரை அழுத்திப் பார்த்தான். கல்லாக இறுகியிருந்தது. நகம் பதியவில்லை. ஒரு இடத்தில்கூடப் பழுப்புக் கசிவு இல்லை. சட்டையைக் கழற்றிக் கம்பில் மாட்டினான். தாளை நனைத்துத் தேய்க்கத் தண்ணீர் வேண்டும் என்றான். இப்போது படலாமா என்று துர்கா கேட்டாள். தேய்க்கப் படலாம், பிறகு துடைத்து வெயிலில் உலர்த்திவிட்டுத்தான் கலர் என்றான்.

கொட்டகை ஓரத்து அடிபம்பில் சாரதாம்பாள் தண்ணீர் அடித்தாள். குடம் நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து கார் அருகே நின்றாள். மோகன் தாளை நீட்டினான். அவள் ஊற்றவில்லை. குடத்தைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு இன்னொரு வாயும் குடித்தாள்.

"நல்ல தண்ணிதான்" என்றாள். பிறகு குனிந்து, அவன் கை போகிற இடம் பார்த்து, மெல்ல ஊற்ற ஆரம்பித்தாள்.